அல்தோரா வாசலில் அப்பா

அப்பா செவ்வாய்க்கிழமை அதிகாலையில் இறந்துபோனார். எங்கள் தீவில் பிணத்தைக் குளிரில் வைக்க இடம் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் புதைத்துவிட வேண்டும். கல்லறைத் தோட்டம் குன்றுக்கு அந்தப் பக்கம். அம்மாவும் அவள் வழி ஆட்களும் அங்கேதான் கிடக்கிறார்கள். வடக்குக் காற்றுக் காலம் என்பதால் படகில் சுற்றிப் போகவும் முடியாது. குன்றின் மேலேயோ அல்தோரா; ரோடு அதற்குள்ளேதான் போகிறது.

அல்தோராவை நகரம் என்பார்கள், உண்மையில் அது ஒரு கம்பெனி. குன்றை வாங்கியவர்களுக்கு எங்கள் ஹோண்டுராஸ் அரசாங்கம் சட்டத்தையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டது. தனி நீதிமன்றம், தனி வரி, தனிப் பணம். அந்தப் பணத்துக்குப் பெயர் தோரா. கைபேசிக்குள் மட்டும்தான் இருக்கும். என் கணவன் லெமுவேல் அங்கே வாசல் காவலாளி. அவன் சம்பளமும் தோராதான்; அதை வைத்து எங்கள் ஊர்க் கடையில் ஒரு தேங்காய் ரொட்டி வாங்க முடியாது. அவர்கள் கடையில் ஸ்ட்ராபெரி வாங்கலாம். முதல் மாதம் வாங்கிக்கொண்டு வந்தான், சிரித்துக்கொண்டே தின்றோம்.

"நான் முன்னால போய்ப் பேசி வைக்கிறேன்" என்று விடியும்போதே கிளம்பினான். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, சீருடையோடு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பாக்குற? திற" என்றேன்.

"கோவப்படாதே ஆர்டெல்லா. உள்ள வர்றவங்க எல்லாரும் போன்ல ஒரு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லணுமாம். ஒரு விரல் வெச்சா முடிஞ்சுது."

"பெட்டிக்குள்ள இருக்கறவரு எந்த விரலை வெப்பாரு?"

பெட்டியைத் தூக்கியிருந்த என் சித்தப்பா மகன் ஆர்லி காறித் துப்பினான். லெமுவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குள் நகரத்தின் தலைவன் கார்வர் பேட்டரி வண்டியில் வந்து இறங்கினான். முப்பது வயதுகூட இருக்காது. அரை டிராயர், வெறுங்கால். "உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறேன். இன்னைக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம். சம்மதம் மட்டும் போதும். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல, எல்லாம் அவங்கவங்க விருப்பம்" என்றான்.

"சம்மதிச்சா என்ன ஆகும்?"

"உள்ள ஏதாவது தகராறு வந்தா எங்க நடுவர்கள்தான் தீர்ப்பு சொல்வாங்க. நாட்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது."

"அந்தக் கல்லறை எங்களுதா உங்களுதான்னு தகராறு வந்தா?"

"அதுவும் அப்படித்தான்."

என் உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வரவில்லை. அப்பாவைப் புதைக்கப் போகிற கையாலேயே அம்மாவின் கல்லறையை எழுதிக் கொடுக்கச் சொல்கிறான், கேட்டால் விருப்பமாம்!

"ஆர்லி, பெட்டியை இங்கேயே இறக்கு. ரோட்டுக்குக் குறுக்கால."

இறக்கினார்கள். போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் தலைமாட்டில் குடையை விரித்துப் பிடித்தார். அல்தோராவுக்குப் போகிற சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஓட்டுநர்கள் எங்கள் தீவுக்காரர்கள்தான். ஹாரன் அடிக்காமல் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள்.

"என் மானத்தை வாங்காத ஆர்டெல்லா" என்று லெமுவேல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சினான்.

"மானமா? எங்க வாங்கின, அந்த ஸ்ட்ராபெரி கடையிலயா?"

சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

உச்சி வெயிலில் விமான நிலையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. முதலீடு செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்கள். லாரிகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் வயதான ஒரு பெண் இறங்கி நடந்து வந்து, பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"எங்க அப்பா. இந்தத் தம்பியோட ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்ல மாட்டேங்கறாரு" என்றேன்.

அவள் திரும்பி கார்வரைப் பார்த்தாள். அவன் காது சிவந்தது. கையைக் காட்டினான், கம்பி மேலே போயிற்று.

ஒருவரும் விரல் வைக்கவில்லை. லாரி ஓட்டுநர்களும் எங்களோடு வந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே அப்பாவைப் புதைத்தோம். அங்கேதான் அழுதேன், அவரை அவ்வளவு நேரம் வெயிலில் போட்டதற்காக.

நான் ரோட்டை மறித்ததற்காக அன்று மாலையே லெமுவேலை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கைபேசியில் அவன் கணக்கையும் மூடிவிட்டார்கள். அதில் இருந்த தோரா எல்லாம் போயிற்று. "அவங்க ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்காம். நான் சேரும்போதே விரல் வெச்சிருக்கேன்" என்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. சாப்பாடு போட்டேன். இப்போது ஆர்லியின் படகில் மீன் பிடிக்கப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போக எங்களுக்கு அனுமதி இலவசம் என்று அல்தோரா அறிவித்திருக்கிறது. இலவசமாம்! நானும் ஊர்ப் பெண்களும் திங்கட்கிழமை போகிறோம், புதன்கிழமை போகிறோம், களை வெட்ட அரிவாளோடு போகிறோம். புதிதாக வந்த காவலாளி விரல் வைக்கச் சொல்லிக் கைபேசியை நீட்டுகிறான். நாங்கள் நிற்பதில்லை.