தலைகீழாய் நின்ற தூண்

மறுநாள் கூரைக்குப் புல் வேய ஊரே திரண்டு வரப்போகிறது. வினிக்குச் சோறு இறங்கவில்லை. தன் புது வீட்டின் நான்கு பெருந்தூண்களில் வலப்பக்கத்து முன்தூணையே சுற்றிச் சுற்றி வந்தாள். பூசாரி முன்னோர்களோடு பேசப்போவது அந்தத் தூணடியில்தான்.

மரம் காட்டில் நின்றபடியே வீட்டிலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாறிப்போனால் அந்த வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள் சும்பாத் தீவில். வினியின் வயிற்றில் அப்போதுதான் ஒன்று தங்கியிருந்தது.

மலையிலிருந்து மரத்தை இழுத்து வந்த அன்று, வேரோரத்துக் கணுவின் மேல் வெற்றிலை பாக்கு வைத்தவள் அவள். இழைத்து உருளையாக்கிய பின் இரு முனையும் ஒன்றுபோல ஆகிவிட்டன; கணு மட்டும் மறையவில்லை. இப்போது அது அவள் தலைக்கு மேலே இருந்தது.

தூண் நட்டவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் லெண்டே. புகுந்த வீட்டார் காதில் விழுந்தால் அவன் மானம் போகும். தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"கணுவா? மசக்கையில எதையாவது உளறாத, போ."

"நான் கையால தொட்ட மரம்ணே."

"தொட்டவளே தூக்கி நட்டிருக்கலாமே!"

விருட்டென்று போய்விட்டான். ஆனால் உளியை எடுத்தான், வைத்தான். யாரும் பார்க்காதபோது எக்கிக் கணுவைத் தடவினான். வினிக்குச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கணவன் மாலோவை நோக்கி இரண்டடி வைப்பாள், திரும்புவாள்.

பொழுது சாயுமுன் லெண்டே எல்லார் முன்னாலும் வந்து நின்றான். "மச்சான், முன்தூண் தலைகீழா நிக்குது. தப்பு என்னோடது."

மாலோவின் முகம் கறுத்தது. "நாளைக்கு ஊர் வருது. இப்ப சொல்ற சேதியா இது?"

"என் பன்னிய அறுத்துப் பரிகாரம் பண்றேன். முட்டுக் கொடுங்க, புடுங்கித் திருப்பிடுவோம்."

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கயிறு கட்டினார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தூண் சரியாகத் திரும்பி நின்றபோது எல்லாரும் சேற்றில் முக்கி எடுத்தாற்போல இருந்தார்கள். பன்றியை அறுத்துப் பூசாரி மந்திரம் சொல்லி முடித்ததும், கறியை லெண்டேயின் தட்டில் மாலோ தானே எடுத்து வைத்தான். "தின்னு மச்சான், உன் பன்னிதானே."

வினிக்கு மூச்சு வந்தது. ஒரு கணம்தான். அவள் பார்வை மற்ற மூன்று தூண்களின் மேல் போயிற்று.

லெண்டே பார்த்துவிட்டான். "தாயே, அதுகள விட்டுடு. இன்னொரு பன்னிக்கு நான் எங்க போவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். வினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த தூணருகே போனாள்.