அட்டைப்படத்து முகம்

அன்று மத்தியானம் மையத்தில் இருந்தவர்கள்: தையல் டீச்சர், தையல் கற்கும் பெண்கள் சிலர், அவர்களில் எப்போதும் மூலை மெஷினில் உட்காரும் சின்னவள், வாட்ச்மேன் அண்ணன், மேனேஜரம்மா. கேட்டுக்கு வெளியே ஓர் ஆள்.

மேனேஜரம்மா என்ற பட்டம் அவளுக்குப் புதிது. வீடு வீடாகப் போய்க் கதவு தட்டும் களப்பணியில் தொடங்கி, நாயிடம் கடி வாங்கி, டிரஸ்டிகளுக்குத் தலையாட்டிக் கழுத்து வலித்து, இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். கடைசிப் படியைத் தாண்ட வைத்தது ஆண்டறிக்கையின் அட்டைப்படம்.

இங்கே தங்குகிறவர்கள் அடிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். படம் எடுத்தால் கைகளை மட்டும்தான் எடுப்பார்கள். "இன்னும் எத்தனை வருஷம் கையையே காட்டுவீங்க? முகம் வேணும்மா" என்றார் மையத்தின் டைரக்டர். அவள் சின்னவளிடம் கேட்டாள். சின்னவள் சரியென்றாள். ஒண்ட இடம் கொடுத்தவள் கேட்டால் வேறென்ன சொல்வாள்? அது அப்போது தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியது, தள்ளிவிட்டாள்.

அந்த அட்டையைத்தான் வெளியே நின்ற சின்னவளின் புருஷன் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"போலீசுக்குச் சொல்லியாச்சா?" என்றாள் டீச்சர்.

"வர்றாங்களாம்" என்றாள் மேனேஜரம்மா.

"பொண்ணு பார்க்கவா வர்றாங்க, ஆடி அசைஞ்சு வர?"

சின்னவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "நான் போயிடறேன்க்கா. உங்களுக்கு எதுக்குத் தொல்லை."

"வாயை மூடிட்டு உள் ரூமுக்குப் போடி" என்றாள் டீச்சர்.

வாட்ச்மேன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "கேட்டைத் தாண்டிட்டான்மா. சத்தமே போடல. அழகா எடுத்திருக்கீங்கன்னு சிரிக்கிறான். என்கிட்ட பேச மாட்டானாம். படம் எடுத்தவங்க வரணுமாம்."

கத்தியிருந்தால் மேனேஜரம்மாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுது," என்றாள் டீச்சர், அவள் முகத்தைப் பார்க்காமல். "சுத்தி வந்தான்னா அவ்வளவுதான்."

தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொல்லி டீச்சர் நச்சரித்தது அவளுக்கு நினைவு வந்தது. டிரஸ்டிகள் வருகிறார்கள் என்று முன்சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னதும் நினைவு வந்தது.

"போலீஸ் வர்ற வரைக்கும் அவனை முன்னாடியே நிறுத்தணும்" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "நான் பேசறேன்."

வாட்ச்மேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க வெளிய போனா பூட்டிடுவேம்மா. நீங்களே தட்டினாலும் திறக்கக் கூடாது. நீங்க போட்ட ரூல்தான்."

"தெரியும்ணா. திறக்காதீங்க."

செருப்பு மாட்டவில்லை, குனிந்தால் நிமிர மாட்டோம் என்று பட்டது. வாசற்படியில் வெயில் சுட்டது.

அவன் அட்டையை மெதுவாக விரித்துப் பார்த்தான், பிறகு அவளை.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி திரும்பியது.