கரிக்கரடியின் அறுபது புள்ளிகள்

மசயோவின் கரிக்கரடி அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரே ஒரு புள்ளியில் செத்தது.

செத்தது என்றால் திரையில்தான். மத்சுமோத்தோ ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் இசாவோவின் காபிக்கடை மாடியில், வாரம் தவறாமல் எட்டுப் பேர் கூடி மிருகச் சண்டை ஆடுவார்கள். ஆளுக்கொரு கையடக்கப் பெட்டி, ஆளுக்கு மூன்று மிருகங்கள். எதிராளியின் மூன்றையும் எவர் முதலில் சாய்க்கிறாரோ அவருக்கு வெற்றி.

"ஒரு புள்ளி, மசயோ சான்! ஒரே ஒரு புள்ளி வேகத்துல உங்க கரடி போச்சு!" என்று எதிரே இருந்த கிமிஹிரோ மேசையைத் தட்டினான். பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்க்கத் தவற மாட்டான். அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். இருபத்தொன்பது வயது, வாய் அதற்கும் மேல். அவனுடைய மிசோரே என்கிற வெள்ளைக் கீரி எப்போதும் முந்திக்கொண்டு பனிக்காற்றை ஊதும், கரடி விழும்.

"ரொம்பக் குதிக்காத. சட்டை பித்தான் தெறிக்கும்" என்றாள் மசயோ. சொல்லும்போது சிரித்தாள். உள்ளே சிரிப்பு இல்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இந்தக் கூட்டத்தில் ஆறு வருஷம் ஆயிற்று. வருஷாவருஷம் நாகானோவில் மாகாணப் போட்டி நடக்கும். ஒரு கடையிலிருந்து நாலு பேர் போகலாம். ஆறு வருஷமும் அவள் போனாள்தான், ஐந்தாவது ஆளாக. வேன் ஓட்டினாள், தேநீர்ப் புட்டிகள் நிறைந்த நீலக் குளிர்பெட்டியைத் தூக்கினாள், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவளுடைய மிருகங்கள் அடி வாங்கும், தாங்கும், மருந்து போட்டுக்கொள்ளும். எதிராளியைச் சாய்க்க மட்டும் தெரியாது. "மசயோ சானோட ஆட்டம் ஆஸ்பத்திரி மாதிரி. யாரும் சாகவும் மாட்டாங்க, வீட்டுக்குப் போகவும் மாட்டாங்க" என்று ஒருமுறை இசாவோ சொல்ல, மாடியே அதிர்ந்தது.

இந்த வருஷம் மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு அவளும் கிமிஹிரோவும். இரண்டு வாரத்தில், ஒரே ஒரு ஆட்டத்தில் முடிவு. ஆட்ட மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும், வேன் சாவியோடு நிற்கக் கூடாது. இந்த முறை அது நடந்தே ஆக வேண்டும் என்று அவள் மனசுக்குள் ஆணி அடித்துக்கொண்டாள்.

அதற்காகத்தான் ஐந்து மாதம் பாடுபட்டு அந்தக் கரடியை வளர்த்தாள். ஒவ்வொரு மிருகத்துக்கும் அறுபது பயிற்சிப் புள்ளி கிடைக்கும். அதைப் பலம், வேகம், உயிர், தோல்தடிப்பு என்று எப்படி வேண்டுமானாலும் பங்கு வைக்கலாம். ஒன்றுக்கு முப்பதுக்கு மேல் வைக்கக் கூடாது. அடிக்கிற மிருகம் என்றால் பலத்துக்கு முப்பது, வேகத்துக்கு முப்பது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள். அவள் முதலில் வேகத்துக்கு இருபத்தாறுதான் வைத்தாள். கீரியை ஒரு புள்ளி முந்த அது போதும் என்று கணக்கு. முந்தினாள், ஒரு வாரம் ஜெயித்தாள். அடுத்த வாரம் கிமிஹிரோ தன் கீரிக்கு இரண்டு புள்ளி கூட்டிக்கொண்டு வந்தான். அவளும் கூட்டினாள். அவன் மறுபடி கூட்டினான். இப்படியே ஏறி ஏறி அவளுடைய கரடி முப்பதில் தலை முட்டி நின்றது. கீரிக்குப் பிறவியிலேயே கரடியைவிட ஐந்து புள்ளி வேகம் அதிகம், அதனால் அவன் அதற்கும் ஒரு புள்ளி மேலே போய் உட்கார்ந்துவிட்டான்.

"இனிமே ஏற இடமே இல்ல" என்றான் அவன் அன்றைக்கு. "கரடி ஓடுமா? ஓடாது. அதைப் போய் ஓட வச்சீங்களே."

மறுநாள் காலை மசயோ மலைப்பாதைத் தடத்தில் பேருந்து ஓட்டினாள். குறுகலான வளைவு ஒன்றில் எதிரே மரம் ஏற்றிய லாரி இறங்கி வந்தது. அவள் வழக்கம்போல ஓரங்கட்டி நின்றாள். லாரி உரசாத குறையாக, வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனது. கண்ணாடிகள் நடுங்கி அடங்கின. அவள் கியரைப் போட்டு மேலே ஏறினாள்.

இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது. முந்த முடியாத வண்டிக்கு வழி விடுவது அவளுக்கு அன்றாடத் தொழில். வழி விட்ட பிறகு வண்டி உடையாமல் நின்றால் போதும். கரடியை மட்டும் ஏன் ஓடு ஓடு என்று விரட்டிக்கொண்டிருந்தாள்?

மதியம் பணிமனையில் சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டே கால அட்டவணையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். வேகத்தின் முப்பதையும் பிடுங்கி உயிருக்குக் கொடுத்தால்? ஒரே அடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழாது. பதினாறு விதமாக விழும், அதில் எது விழும் என்பது பெட்டிக்குத்தான் தெரியும். பதினாறில் பதின்மூன்றில் கரடி பிழைக்கும். மூன்றில் சாகும்.

பதினாறில் மூன்று ஆபத்து உள்ள பாதையில் அவள் பயணிகளை ஏற்றிக்கொண்டு போக மாட்டாள். பென்சிலை மறுபடி எடுத்தாள்.

அப்போதுதான் கீரியின் கணக்கைப் பார்த்தாள். கிமிஹிரோ வாயாடிதான், ஆனால் கஞ்சன். ஒரு புள்ளி போதும் என்ற இடத்தில் இரண்டு வைக்க மாட்டான். கரடியின் உச்சத்தை ஒரே ஒரு புள்ளி முந்தியிருக்கிறான் என்றால், கீரிக்கு வேகம் இருபத்தாறு. பலத்தில் அவன் கை வைக்க மாட்டான், அது முப்பது. மிச்சம் நாலு. முதலில் கீரிக்கு உயிரில் பத்து இருந்தது, இப்போது நாலுதான். அவளை முந்துகிற ஆசையில் தன் கீரியை அவனே இளைக்க வைத்துவிட்டான்! இளைத்த கீரியைச் சாய்க்க முப்பது பலம் எதற்கு? இருபத்து மூன்று போதும். பதினாறு விதத்தில் எப்படி விழுந்தாலும் போதும். மிச்சம் ஏழு புள்ளியைத் தோல்தடிப்பில் வைத்தாள்.

பதினாறில் பதினாறும் கரடி நின்றது. ஐந்தாவது தடவையாகக் கூட்டிப் பார்த்தாள். நின்றது.

கணக்கு எளிது, வேலை பெரிது. ஏற்றிய புள்ளியை இறக்க ஒரு கசப்புப் பழம் ஊட்டினால் ஒரு புள்ளி இறங்கும். ஆட்டத்துக்குள் இருக்கும் அந்தப் பழ மரம் ஒரு நாளைக்கு மூன்று பழம்தான் காய்க்கும். இறக்க வேண்டியது முப்பத்தேழு, அதற்குப் பதின்மூன்று நாள். கிமிஹிரோவோடு ஆடும் முடிவு ஆட்டத்துக்கு இருந்ததும் பதின்மூன்று நாள்தான். ஒரு நாளைத் தவற விட்டாலும் கணக்கு உதைக்கும்.

அவள் தவற விடவில்லை. வண்டி கடைசி நிறுத்தத்தில் திரும்பக் காத்திருக்கும் ஏழு நிமிஷத்தில் பழம் பறித்தாள். பல் பிடுங்கிக்கொண்ட நாளில் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு பறித்தாள். திரையில் கரடி ஒவ்வொரு பழத்துக்கும் முகத்தைச் சுளித்தது. "முழுங்கு, முழுங்கு. எனக்கு மட்டும் இனிக்குதா?" என்றாள் அதனிடம்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை கரடியை வெளியே எடுக்கவேயில்லை. எடுத்தால் அதன் மந்தம் தெரிந்துவிடும்.

"கரடி எங்க? பயந்து குகைக்குள்ள போயிடுச்சா?" என்றான் கிமிஹிரோ.

"பனிக்காலம்ல, தூங்குது. நீ கத்தி எழுப்பிடாத."

"தூங்கட்டும், தூங்கட்டும். நாகானோவுக்கு வேன் ஓட்ட நீங்க முழிச்சிருந்தா போதும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

முடிவு நாள் வந்தது. பதின்மூன்றாம் நாளின் கடைசிப் பழத்தைக் காலையில் பேருந்துக்குள்ளேயே ஊட்டினாள். இறக்கிய புள்ளிகளை உயிரிலும் தோலிலும் ஏற்ற, மாடிப்படியில் உட்கார்ந்து முப்பத்தேழு குட்டிச் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். விரல் மரத்துப்போயிருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் சீட்டு மாற்றிக்கொண்டார்கள். மிருகம் எது, அதன் அடிகள் என்ன, கையில் என்ன வைத்திருக்கிறது என்பதெல்லாம் சீட்டில் இருக்கும். புள்ளிப் பங்கு மட்டும் இருக்காது. கரடியின் கையில், நெருப்படிக்குச் சூடு கூட்டும் அதே பழைய கரித்துண்டையே அவள் விட்டிருந்தாள். கிமிஹிரோ சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமே மாத்தலையா?"

"வயசான கரடி. புதுசா என்ன கத்துக்கப் போகுது?"

தலை வணங்கிக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியது. அவளுடைய முதல் இரண்டு மிருகங்களும் வழக்கம்போல இழுத்து இழுத்து ஆடி, அவனுடைய இரண்டைச் சாய்த்துவிட்டுத் தாங்களும் சாய்ந்தன. மிச்சம் ஒரு பக்கம் கரடி, ஒரு பக்கம் கீரி. இரண்டும் காயமே படாதவை. இசாவோ காபித் தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டார்.

கரடியின் நெருப்படியை அவள் அழுத்தினாள். கிமிஹிரோ யோசிக்கக்கூட இல்லை. ஐந்து வாரமாகக் கரடியைக் கொன்ற அதே பனிக்காற்று.

கீரி முந்தியது. வெள்ளையாக ஊதியது. கரடியின் உயிர்க்கோடு இறங்கத் தொடங்கியது. பச்சை போய் மஞ்சள் வந்தது, மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. இன்னும் இறங்கியது. பதினாறில் பதினாறு என்று அவள் பல்லைக் கடித்தாள். காகிதத்தில் நின்ற கரடி இங்கே நிற்க வேண்டுமே! கோடு நகக்கண் அகலத்துக்குச் சுருங்கி, நின்றது.

"ஏய், நிக்குதா? நிக்குதே! எப்படி நிக்குது?" கிமிஹிரோ எழுந்தே விட்டான்.

கரடி வாயைத் திறந்தது. நெருப்பு கீரியை மூடியது. அதன் கோடு பச்சையிலிருந்து நேராக ஒன்றுமில்லாததுக்குப் போனது. கீரி சுருண்டு படுத்தது.

இசாவோ காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில கொலை விழுந்துடுச்சுடா" என்றார்.

கிமிஹிரோ மெதுவாக உட்கார்ந்தான். "மசயோ சான், வேகம் எவ்வளவு வச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணுமே வைக்கல."

"ஒண்ணுமேன்னா?"

"சுழி. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். பலத்துலகூட ஏழு எடுத்துட்டேன். நீதான் உன் கீரியைப் பட்டினி போட்டுட்டியே, அதுக்கு அவ்வளவு பலம் எதுக்கு?"

அவன் விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு முனகினான். "அப்ப நான் ஐஞ்சு வாரமா யாரை முந்திக்கிட்டிருந்தேன்?"

"என்னைத்தான். நான்தான் ரெண்டு வாரம் முந்தியே ஓரங்கட்டி நின்னுட்டேன், உனக்குத் தெரியல." அவன் தோளை லேசாகத் தட்டினாள். "நல்லா ஆடின. போன வருஷம் வரைக்கும் என்னைக் கண்டா உனக்குக் கொட்டாவி வரும்."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தான். "அப்ப வேனை யார் ஓட்டுறது? எனக்கு உரிமம் இருக்கு, ஆனா வாங்கின நாள்லேருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல."

"ஐயோ சாமி, வேனை நானே ஓட்டுறேன்" என்றாள் மசயோ. "போய்ச் சேர்ந்தாத்தானே ஆட முடியும்."

பிறகு மேசைக்கு அடியில் இருந்த நீலக் குளிர்பெட்டியைக் காலால் மெதுவாக அவன் பக்கம் தள்ளினாள்.

"பன்னெண்டு புட்டி பிடிக்கும். கைப்பிடி இடது பக்கம் கொஞ்சம் ஆடும், பாத்துத் தூக்கு."