ஓர் எலிக்குஞ்சுக்கு ஐந்து நாள்

முரோதா வீட்டுக்குள் நாட்கள் தாமாக வரவில்லை. அவர்கள் வளர்த்த பாம்பு இரை தின்ற பிறகே வந்தன. ஓர் எலிக்குஞ்சுக்கு ஐந்து நாள். ஐந்தும் செலவானதும், அடுத்த குஞ்சு உள்ளே போகும்வரை, விடிந்த நாளே திரும்பத் திரும்ப விடிந்தது. மிஹாராவில், துறைமுகத்துக்கு மேலே மேடேறும் எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். மற்றப் பத்து வீடுகளிலும் நாட்கள் எல்லாருக்கும் வருவதுபோலவே வந்தன.

பாம்பை வாங்கியது அந்த வீட்டு மிசாவோ. முப்பத்தொரு வருடம் பள்ளி மதிய உணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்ற செப்டம்பரில், ஹிரோஷிமாவில் நடந்த ஒரு கண்காட்சியிலிருந்து, மூடியில் துளையிட்ட டப்பாவில் அதைக் கொண்டுவந்தாள். ஒன்பது கிராம் எடை, செம்பயறு நிறம். அதனால் அந்தப் பயற்றின் பெயரான அசுகியே இதற்கும் பெயர். கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர் கொஹெய், முதல் மாதம் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருக்கும் பக்கமே போகவில்லை. மிசாவோ ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள்: தேதி, பாம்பின் எடை, குஞ்சின் எடை. உறைந்த குஞ்சை வெந்நீர்க் கிண்ணத்தில் இளக வைத்து, காகிதத்தால் ஈரம் ஒற்றி, நீண்ட இடுக்கியால் நீட்டுவாள். குஞ்சு பாம்பின் உடம்பில் பருத்த இடத்தைவிடப் பருமனாக இருக்கக்கூடாது. தின்ற பிறகு இரண்டு நாள் யாரும் பாம்பைத் தொடக்கூடாது. ஆறாம் வகுப்புக்கும் முதல் வகுப்புக்கும் ஒரே கரண்டியால் பரிமாறுகிற சமையல்காரியை அவள் மனுஷியாகவே மதித்ததில்லை.

வீட்டின் நாட்கள் பாம்பைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன என்பது நவம்பரில் தெரிந்தது. பட்டறை நண்பர்கள் வந்திருந்தபோது, அதற்குள் பாம்பின்மேல் பிரியம் வைத்துவிட்டிருந்த கொஹெய், பெருமைக்காக இரண்டு குஞ்சுகளை அடுத்தடுத்துக் கொடுத்தார். மறுநாள் அதைக் கையில் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் காட்டினார். மூன்றாம் நாள் பாம்பு இரண்டையும் கக்கியது. இரை வயிற்றில் இருந்தபோது கழிந்த மூன்று நாட்களும் உடனே வீட்டுக்குத் திரும்பி வந்தன. எரித்தாகிவிட்ட குப்பை சமையலறை மூலையில் பழைய நாற்றத்தோடு வந்து நின்றது. முந்தாநாள் பிடுங்கிய மிசாவோவின் கடைவாய்ப் பல் மறுபடி வாய்க்குள் ஆடியது, இரண்டாம் தடவையும் பிடுங்க வேண்டியிருந்தது. கால்நடை மருத்துவர், பன்னிரண்டு நாள் வயிற்றைக் காயப்போடச் சொன்னார். பிஞ்சுப் பாம்பு இன்னொரு தடவை கக்கினால் பிழைக்காது என்றும் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவர்கள் வீட்டில் ஒரே செவ்வாய்க்கிழமை. பாம்பின் பசி மட்டும் எங்கள் தேதியில் நடந்தது. ஏன் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை.

ஆக, முரோதா வீடு எங்களைவிடப் பதினைந்து நாள் பின்தங்கியது. வாசலுக்கு வெளியே வந்தால் எங்கள் தேதி, உள்ளே போனால் அவர்கள் தேதி. இதில் எங்களுக்கு ஒரே ஒரு தொல்லைதான். எரிக்கும் குப்பையை வைக்க வேண்டிய வெள்ளிக்கிழமை அவர்களுக்கு எங்கள் சனிக்கிழமையில் வந்தது. அந்த வருடம் தெருவின் பொறுப்பில் இருந்த ஓகுரா தோமி, குப்பை விஷயத்தில் பெற்ற தாயையும் மன்னிக்காதவள். துடைப்பத்தோடு போய் வாசலில் நின்றாள்.

"சனிக்கிழமை பைய வச்சது யாருன்னு பாத்தா, நீங்கதானா? காக்கா கொத்தி தெருவெல்லாம் இழுத்துப் போட்டுருக்கு."

"எங்க வீட்ல இன்னிக்கி வெள்ளிக்கிழமைங்க, ஓகுரா சான்."

"அப்படியா! உங்களுக்குன்னு நகராட்சியில தனியா ஒரு வாரம் அச்சடிச்சுக் குடுத்தாங்களாக்கும்?"

கொஹெய் அவளை உள்ளே அழைத்து நாட்காட்டியையும் அன்றைய செய்தித்தாளையும் காட்டினார். ஓகுரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் காக்கைக்கு வலை போட்டு மூடுவது முரோதா வீட்டார் பொறுப்பு என்று முடிவாயிற்று. வீடு வீடாகக் கைமாறும் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் முத்திரை வைத்தார்கள்.

அவர்கள் தேதிக்கு மார்ச்சில் மிசாவோவின் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுப்பதற்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. முற்றத்தில் இருக்கும் பிவா மரம் பழுக்கும்வரை, அதாவது ஜூன்வரை, இருந்தால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அவள் வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கீழறையில் படுக்கை போட்டார்கள், பக்கத்தில் பாம்புப் பெட்டி. ஏப்ரல் முழுக்க ஐந்து நாளுக்கு ஒரு தரம் கொஹெய்தான் இரை கொடுத்தார், படுத்தபடியே அவள் அளவு சொன்னாள். பாம்பு நாற்பத்துநாலு கிராமுக்கு ஏறியது, அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். மே பதினாலாம் தேதியோடு வீட்டிலிருந்த நாட்கள் தீர்ந்தன. அன்று கொஹெய் குஞ்சை உறைபெட்டியிலிருந்து எடுத்தார். சிறிது நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்ப உள்ளே வைத்து மூடினார்.

மே பதினாலு மறுபடி விடிந்தது. எங்களுக்கு மழைக்காலம் வந்தது, ஆக்டோபஸ் பிடிக்கும் பருவம் தொடங்கியது. அவர்களுக்கு மே பதினாலு. மதில் தாண்டித் தெருவில் தொங்கிய பிவாக் கிளைகள் எங்கள் தேதிக்கு மஞ்சளாகப் பழுத்தன. அதே மரத்தில் மதிலுக்கு உள்ளே இருந்த கிளைகளில் காய்கள் கட்டைவிரல் நுனி அளவில் பச்சையாக இறுகிக் கிடந்தன. நாங்கள் தெருவில் நின்று பழம் பறித்துத் தின்றோம். உள்ளே ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று தெரிந்தும்தான் தின்றோம். கொஹெய் ஒரு நாள் வெளியே வந்து நன்றாகப் பழுத்ததாக ஆறு பழம் பறித்து, துண்டில் பொதிந்து எடுத்துப் போனார். வாசற்படி தாண்டியதும் ஆறும் பச்சைக் காயாகிவிட்டன.

மிசாவோவுக்கு முதல் காலையிலேயே விஷயம் தெரியும். கேட்கவில்லை. அவளுக்கும் சாகப் பயமாக இருந்தது. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. மே பதினாலு நாற்பத்தோராம் தரம் மறுபடி விடிந்தபோது, பெட்டிக் கண்ணாடியில் தலையை முட்டி முட்டி நகரும் பாம்பின் முதுகெலும்பு தெரிவதைப் படுக்கையிலிருந்தே பார்த்தாள்.

"என்னங்க, தராசையும் அசுகியையும் இங்க எடுத்துட்டு வாங்க."

"நாளைக்குப் பாத்துக்கலாமே."

"நம்ம வீட்ல நாளைக்கு ஏதுங்க?"

அவர் கொண்டுவந்தார். சமையல் தராசு முப்பத்திரண்டு காட்டியது. அவள் அந்த எண்ணை நோட்டில் எழுதினாள். எழுத்து கோணிப் போனது.

"ரெண்டாயிரம் புள்ளைங்களுக்கு சோறு போட்டவ நான். ஒண்ணையும் பட்டினி போட்டதில்ல. இந்த வயசுல என்ன இப்படிப் பண்ண வச்சிட்டீங்களே."

"குடுத்தா நீ போயிருவியே."

"போவேன்தான். பழத்தத் தின்னுட்டுப் போறேன்." பிறகு லேசாகச் சிரித்தாள். "அப்படியே பிடிச்சு வைக்கணும்னாலும் இந்த நாளு என்ன பெரிய நாளா? காலைல எட்டு மணிக்கு வாந்தி. ரெண்டு மணி வரைக்கும் வலி. நாப்பத்தொரு தடவ ஆச்சு. நல்ல நாளா ஒண்ணு பாத்து வச்சிருக்கக்கூடாதா?"

கொஹெய் அதை யோசித்ததே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் அவள் மூச்சு விடுகிறாள் என்பதை மட்டும்தான். தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் அழுது முடிக்க விட்டாள். பிறகு, அசுகியின் இளைத்த உடம்புக்கு ஏற்ற மெல்லிய குஞ்சாக ஒன்றை இளக வைக்கச் சொன்னாள். இடுக்கியை அவளே பிடித்தாள். அசுகி கவ்வியது. மறுநாள் மே பதினைந்தாக விடிந்தது. எங்களுக்கு அன்று ஜூலை பத்து.

அதன் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. மே பத்தொன்பது, இருபத்துநாலு, இருபத்தொன்பது, ஜூன் மூன்று. ஜூன் எட்டாம் தேதி உள்ளே இருந்த கிளைகள் பழுத்தன. அன்று மாலை பாம்புக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. மிசாவோ நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று பழம் தின்றாள், மறுநாள் ஒன்று. பத்தாம் தேதி காலையில் இறந்தாள்.

எங்கள் கணக்கில் அது ஆகஸ்ட் ஐந்து. அறிவிப்புப் பலகையைக் கொடுக்கப் போன ஓகுரா தோமி, வெயிலுக்குப் பிடித்திருந்த குடையோடு வாசலைத் தாண்டியதும் ஜூன் தூறலுக்குள் நின்றாள். கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. உள்ளே போனாள். முகத்தில் வெள்ளைத் துணி போர்த்தி மிசாவோவைக் கிடத்தியிருந்தது. கொஹெய் பாம்புப் பெட்டியின் மூடிமேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பாம்பின் நடுவயிற்றில் இரையின் புடைப்பு இன்னும் கரையவில்லை.

"இதத் தூக்கிக் கையில வச்சிக்கிட்டாப் போதும், ஓகுரா சான். கக்கிரும். முந்தாநேத்து சாயங்காலத்துக்குப் போயிரலாம். அவ உக்காந்து பழம் தின்னுட்டிருந்தா."

"பாம்பு?"

"பொழைக்காது."

"மிசாவோ சான்?"

"பாம்பு இல்லாத வீட்ல நாளு தானா ஓடும். நாளன்னிக்கு மறுபடி போவா." அவர் மூடியைத் தடவினார். "இருந்தாலும் ஒரு சாயங்காலம் கெடைக்குமே."

ஓகுரா தோமி அறிவிப்புப் பலகையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஹெய் நெடுநேரம் நின்றார். பிறகு மூடியைப் பூட்டி, சாவியை அவளிடம் நீட்டினார்.

"இந்தப் புடைப்பு அடங்குற வரைக்கும் நீங்க வச்சிருங்க. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"அழுது கேட்டா?"

"அப்பவும்."

அவர் இரண்டு தடவை வந்து கேட்டார். இரண்டாம் தடவை அழுதார். ஓகுரா சாவியைச் சமையல் மேலங்கியின் பைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரமாட்டேன் என்று தலையாட்டி, அவர் போன பிறகு அரிசி களையும் தொட்டிக்கு முன்னால் நின்று தானும் அழுதாள். ஜூன் பன்னிரண்டாம் தேதி புடைப்பு அடங்கியது. சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அசுகி இப்போது எழுநூறு கிராம். வளர்ந்த பாம்புக்குப் பதினாலு நாளுக்கு ஒரு பெரிய எலி போதும், எனவே முரோதா வீட்டுக்குள் நாட்கள் பதினாலாகச் சேர்ந்து வருகின்றன. நோட்டு நாலாவதாக ஓடுகிறது, கட்டம் போடுவது கொஹெய். முதல் பதினைந்தும் பிந்திய நாற்பத்தொன்றும் சேர்ந்து அந்த வீடு எங்களைவிட ஐம்பத்தாறு நாள் பின்னால் நிற்கிறது. ஐம்பத்தாறு என்பது சரியாக எட்டு வாரம் என்பதால் கிழமைகள் ஒத்துப்போய்க் குப்பைத் தகராறு ஒழிந்தது. கோயில் குரு நினைவு நாளுக்கு எங்கள் தேதிக்கு ஒரு தரம் வந்து தெருவில் கை கூப்புகிறார், அவர்கள் தேதிக்கு ஒரு தரம் வந்து உள்ளே ஓதுகிறார்.

பிவா மரம் எங்கள் பக்கம் ஜூனிலும் அவர் பக்கம் ஆகஸ்டிலும் பழுக்கிறது. உள்ளே பழுத்ததை வெளியே கொண்டுவந்தால் வாசற்படியிலேயே சுருங்கிக் கறுத்துவிடும். அதனால் அந்த வாரத்தில் நாங்கள் ஒவ்வொரு வீடாகப் போய், செருப்பைக் கழற்றி வைத்து, மிசாவோவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அங்கேயே தின்றுவிட்டு வருகிறோம். ஆளுக்கு மூன்று பழம். கொஹெய் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கிறார்.