அக்கா பார்க்கப் போகும் படம்

...இல்லை, அக்காவின் இந்தப் படம் பழையதாக இருக்க முடியாது, கையில் குழந்தை இருக்கிறதே, அது யாருடைய குழந்தை என்று யாராவது வந்து சொல்ல வேண்டுமா என்ன, காது மடல் அப்படியே அக்கா மகளின் காது மடல். அப்படியென்றால் பிறந்துவிட்டது, பிறந்தும் மாதங்கள் ஆகிவிட்டன, கழுத்து நின்றிருக்கிறது, எதையோ பிடிக்கக் கை நீட்டுகிறது, அக்கா மகளுக்குச் சித்தி ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்து இவளுக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கை கழுவப் போகும் முன் சும்மா போனை எடுத்தவள்தான், டப்பா அப்படியே இருக்கிறது. இத்தனை வருடமும் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிற வட்டம்தான், உள்ளே ஒரு தலை, இரண்டு தோள், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வெற்று உருவம். அதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். பார்க்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அங்கே அக்கா இருக்கிறாள், குழந்தையின் தலை பாதி முகத்தை மறைத்திருக்கிறது, தெரிகிற பாதியில் காதோரம் முழுக்க நரை, அக்காவுக்கா, சாயம் பூசாமல் வாசல்படி தாண்டாத அக்காவுக்கா...

கண் பரிசோதிக்கிற பெண்ணிடம் கேட்கலாம், அவளுக்குத்தான் போன் சமாச்சாரம் எல்லாம் அத்துப்படி. கடையில் அவளுக்கு ரேடியோ என்று பேர், காலையில் கடை திறக்கும்போது தொடங்கினால் ஷட்டர் இறக்கும்வரை ஓயாது. கேட்டால் யாரு, என்ன, எப்போ என்று துருவுவாள். துருவினால் துருவட்டும். "தெரிஞ்சவங்க ஒருத்தங்க, இத்தன நாளா படமே தெரியாது, இன்னிக்குத் திடீர்னு தெரியுது, எப்படி?" என்று கேட்டபோது குரல் சாதாரணமாக இருந்ததா, இல்லை போலிருக்கிறது, ரேடியோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "சிலர் அப்படித்தான்க்கா வெச்சிருப்பாங்க, அவங்க போன்ல உங்க நம்பர் இருந்தாதான் உங்களுக்குப் படம் தெரியும். அழிச்சிருப்பாங்க, இப்ப மறுபடி சேவ் பண்ணியிருக்காங்க." பிறகு ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "இல்லேன்னா புதுப் போன் வாங்கியிருப்பாங்க, செட்டிங் எல்லாம் மாறி ஊருக்கே தெரியும், ரெண்டுல ஒண்ணு" என்றாள். அந்த இரண்டாவதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். புதுப் போனா, இல்லை மறுபடி சேவ் பண்ணினாளா... அக்காவின் மாப்பிள்ளை புதுப் போன் வாங்கிக் கொடுத்திருப்பான், அக்காவுக்குத் தெரிந்தே இருக்காது, இவள் இங்கே சோறு ஆறிப்போக உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் முதலாவதாக இருந்தால்? இந்நேரம் அக்காவும் இவளுடைய படத்தைத் திறந்து பார்த்திருப்பாள். அதில் என்ன இருக்கிறது, ஒரு மஞ்சள் பூ. ஏதோ ஒரு பூ, யாரோ எடுத்தது, போனோடு வந்தது. இத்தனை வருடம் கழித்துத் தங்கையைத் தேடி வந்தவளுக்குப் பூவைக் காட்டினால் எப்படி.

ஒரு படம் எடுக்க வேண்டும், இப்போதே. "நான் எடுக்கறேன், குடுங்கக்கா" என்று ரேடியோ கை நீட்டினாள், வேண்டாம் என்றுவிட்டாள். இன்னொருவர் எடுத்தால் படத்திலேயே அது தெரியும், யார் எடுத்தது, கூட யார் இருக்கிறார்கள் என்று அக்கா யோசிப்பாள், தனியாக இருக்கிறேன் என்பது தெரிய வேண்டுமா கூடாதா என்பதே இன்னும் முடிவாகவில்லையே. சரி, யோசனையாவது சொல்கிறேன் என்று ரேடியோ கூடவே வந்துவிட்டாள். முதலில் லென்ஸைத் துடைங்க, பாதிப் பேர் முகம் நல்லா இல்லேன்னு அழறதே லென்ஸ் அழுக்குதான். டியூப்லைட்டுக்குக் கீழ நிக்காதீங்க, கண்ணுக்குக் கீழ குழி விழும், அந்த ஷோகேஸ் பக்கம் வாங்க, வெளிச்சம் முகத்துல விழட்டும். கையை நல்லா நீட்டுங்க, கிட்ட வெச்சா மூக்குதான் பெரிசாத் தெரியும். கொஞ்சம் மேல தூக்குங்க, அவ்வளவு இல்ல, கிணத்துக்குள்ளேருந்து பாக்கற மாதிரி இருக்கு. தாடையை முன்னால தள்ளுங்க. உங்க முகத்தைப் பாக்காதீங்க, மேல சின்னதா ஓட்டை இருக்கு பாருங்க, அதைப் பாருங்க. அதைப் பார்த்தாள். மிளகளவு கறுப்பு. அதற்குள் அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் பார்வை சரியாக வருமோ என்று நினைத்த அந்தக் கணத்தில் அவசரமாக அழுத்திவிட்டாள், படம் கலங்கிப் போயிற்று.

எப்படித் தெரிய வேண்டும் அக்காவுக்கு? நன்றாக இருக்கிறேன் என்று தெரிய வேண்டும், ஆனால் நீ இல்லாமலே நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்துவிடக் கூடாது. கொஞ்சம் மெலிந்த மாதிரி, ஐயோ இப்படி ஆகிவிட்டாளே என்று ஒரு நொடி பதற வேண்டும், அதற்காகப் பரிதாபமாகவும் இருக்கக் கூடாது, பரிதாபப்பட்டால் அக்கா போன் பண்ணுவாள், அந்தப் போன் இவளுக்கு வேண்டாம். எந்தப் போன் வேண்டும் பின்னே? பல் தெரியலாமா? முன்பல் இரண்டும் சற்று நீளம், அதனால்தானே அக்கா எலி என்று கூப்பிடுவாள், எலி, இங்க வா, எலி, தலை வாரிக்க, எலி, அந்தப் பையன் உன்னையே பாக்கறான் திரும்பாதே. கடையில் எல்லாருக்கும் இவள் அக்கா. முதலாளிகூட சில நேரம் அக்கா என்கிறார், இவளைவிட மூத்தவர். எலி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் உண்டு, அது மூடிக்கொண்டுவிட்டது. உதட்டை மூடிச் சிரித்த படத்தில் கடைக்கு வந்தவரிடம் சிரிக்கிற முகம் இருந்தது, பல் தெரியச் சிரித்ததில் யாரோ இடுப்பில் கிள்ளிய முகம். எல்லாம் போகட்டும், சேமித்த படத்தில் வகிடு ஏன் மாறியிருக்கிறது? "கண்ணாடியில நீங்க பாக்கறது திருப்பிப் போட்டதுக்கா, படத்துல இருக்கறதுதான் மத்தவங்க பாக்கற முகம்" என்றாள் ரேடியோ. அப்படியா, இந்த வாய் ஒரு பக்கம் இழுத்த, இடது புருவம் தணிந்த பெண்தான் நானா, தினமும் கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போடுகிறவளை இவளைத் தவிர யாரும் பார்த்ததே இல்லையா. அக்காவுக்குத் தெரிந்தது இந்த அந்நியப் பெண்ணைத்தான். மேடையில் பக்கத்தில் நின்றதும் இந்தப் பெண்தான்.

அந்த மேடை வேண்டாம் இப்போது... வேண்டாம் என்றால் போகுமா. அக்கா மகளின் கல்யாணம், காலையிலிருந்து ஓடியாடி வந்தவர்களை உட்கார வைத்து, மணப்பெண்ணுக்கு ஊக்கு தேடி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கடைசியில்தான் மேடையேறி வரிசையின் ஓரத்தில் நின்றாள், அக்காவை ஒட்டி. போட்டோகிராபர் கையை விசிறினான். "வீட்டு ஆளுங்க மட்டும் நில்லுங்க, மத்தவங்க கொஞ்சம் இறங்கிக்கங்க." அந்தக் கை இவளைத்தான் காட்டியது. அவன் மேல் என்ன தப்பு, ஜோடி ஜோடியாக நின்றவர்கள் நடுவில் தனியாக ஒருத்தி, பெண்ணுக்குச் சித்தி, கணவனைப் பிரிந்தவள் என்று நெற்றியில் எழுதியா இருக்கிறது, வந்த விருந்தாளி என்று நினைத்துவிட்டான். இவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். பார்த்தாளா? பார்த்த மாதிரிதான் இருந்தது, பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். இவள் இறங்கி யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு கீழே நின்றாள், அடுத்த படத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று. அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் அக்கா போனில், "ஏன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்ட?" என்றாள். "வீட்டு ஆளுங்கதானே சொல்லிட்டுப் போகணும்" என்று இவள் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் வந்த அழைப்புகளை எடுக்கவில்லை, பிறகு அழைப்பே வரவில்லை, ஒருநாள் பார்த்தால் சாம்பல் வட்டம். ஒரு வார்த்தை, இவ என் தங்கச்சி, அவ்வளவுதானே, அந்தச் சத்தத்தில் அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்...

கதவு மணி அடித்தது. ஒரு பெரியவர், பழைய கண்ணாடியின் காது உடைந்து நூல் சுற்றியிருந்தது. ரேடியோ பவர் பார்த்து அனுப்பியதும் இவள் ஃப்ரேம்களை எடுத்துப் பரப்பினாள், முகம் நீளமானவர், சதுரமாகப் போட்டால் எடுப்பாக இருக்கும், கை தன்பாட்டில் வேலை செய்தது. அவருக்கோ முடிவெடுக்க முடியவில்லை. "வீட்ல அவங்ககிட்டக் காட்டாம நான் ஒண்ணும் வாங்கறதில்லைங்க, பொண்ணைப் பாத்துக்கப் போயிருக்காங்க, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றார். அவரை ஷோகேஸ் பக்கம் நிறுத்தி, தாடையைத் தூக்கச் சொல்லி, எடுத்துக் கொடுத்தாள். படத்தைப் பார்த்து, "நான் இப்படியா இருக்கேன்?" என்று திகைத்தார், அனுப்பினார், போனைக் கையில் வைத்தபடியே பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார். பதில் வந்தது. வாசித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, "பாருங்க, ஃப்ரேம் எப்படி இருக்குன்னு கேட்டா, ஏன் ஷேவ் பண்ணலைன்னு கேக்கறா. ராத்திரி ஒழுங்காச் சாப்பிட்டீங்களாங்கறா. கண்ணாடிங்கற பேச்சே இல்ல." ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள், இவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு நினைப்பும் வந்தது, இப்படி ஒரு பதில், ஃப்ரேமைப் பார்க்காத ஒரு பதில் கிடைக்கத்தானா இத்தனை பாடு என்று. அவர் போனதும், சிரிப்பு ஆறுவதற்குள் போனைத் தூக்கி, ஓட்டையையும் பார்க்காமல் திரையையும் பார்க்காமல் ஒன்று எடுத்தாள். முன்பல் தெரிந்தது, கண் கொஞ்சம் ஈரமாக இருந்தது, ஒரு பக்கம் முடி பறந்தது. "இதைவிட நல்லதெல்லாம் இருக்கேக்கா" என்றாள் ரேடியோ. இருக்கட்டும். பூவை எடுத்துவிட்டு அதைப் போட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, அதிசயம். போனைப் பையில் அடியில் போட்டு, மேலே டப்பாவை வைத்து, ஜிப்பை இழுத்தாள், வீட்டுக்குப் போகும்வரை தொடக் கூடாது. பார்த்திருப்பாளா. படத்தைத் திறந்து பார்த்தால் நமக்குத் தெரியாதாமே, ரேடியோ சொன்னாள், அது ஒரு கொடுமை, வாசலில் வந்து நின்றுவிட்டுக் கதவைத் தட்டாமல் போவதைப் போல. நாமும் அப்படித்தானே தினமும் போய் நின்றோம், அவளுக்கும்தான் தெரிந்திருக்காது. சிக்னலில் பஸ் நின்றது, கை பைக்குள் போயிற்று, வெறுமனே மணி பார்க்கத்தான்... படம் மாறியிருந்தது. குழந்தை இல்லை. அக்கா மட்டும், தனியாக, ஏதோ ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள், வெளிச்சம் முகத்தில் விழுகிறது, போன் சற்று மேலே, தாடை முன்னால், நரையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கிறாள், உதட்டில் லேசாகச் சாயம், அவசரத்தில் ஓரம் தாண்டியிருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு, மகளா? எத்தனை எடுத்து அழித்தாளோ. கண்ணாடி போட்டிருக்கிறாள், அக்கா எப்போது கண்ணாடி போட ஆரம்பித்தாள், யார் விற்றது இதை, அவள் முகத்துக்கு அகலம் அதிகம், இடது பக்கம் இறங்கியிருக்கிறது, மூக்குப் பட்டையை ஒருத்தரும் சரிசெய்து கொடுக்கவில்லை, மூக்கின் ஓரம் சிவந்திருக்கிறது, வலிக்குமே, காதுக்குப் பின்னாலும் வலிக்கும்... திரையில் அந்த ஃப்ரேமின் ஓரத்தை விரலால் மேலே தூக்கப் பார்த்தாள், படம் சுருங்கிப் பெயர்ப்பட்டியலுக்குள் போய்விட்டது, மறுபடி திறந்தாள்.

எனக்காகத்தானா, அல்லது மகள் சும்மா எடுத்து மாற்றினாளா, கேட்டால் ஒழியத் தெரியாது. கேட்பதற்கு என்ன எழுதுவது. நல்லா இருக்கியா என்று எழுதினாள், அழித்தாள், அந்நியர்கள் கேட்பது அது. கண்ணாடி கோணலா இருக்கு என்று எழுதினாள், அது குத்திக்காட்டுவது போலிருந்தது, அதை அழிக்கவும் மனம் வரவில்லை. பஸ் கிளம்பியது, பக்கத்தில் இருந்த பெண் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கினாள், இவள் அசையாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அக்காவின் கண்ணுக்கு எப்படித் தெரிவேன் என்று மட்டுமே தவித்திருக்கிறாள், எலியின் கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன் என்று அங்கே ஒருத்திக்கும் பயம் இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லையே. அன்று மேடையிலும், அந்தச் சிரிப்புக்குள் ஏதாவது ஒரு பயம் இருந்ததா? அக்காவின் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவை ஓட்டையைப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே, திரையில் தன் முகம் எப்படி இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தன.