மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வெர்லீன் ஸ்டப்ஸ் மின்கட்டண ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுப் போடக் கிளம்பினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஓட்டு வயது வந்த நாளிலிருந்து ஒரு ஜனாதிபதித் தேர்தலையும் விட்டதில்லை. வாடகை வீடு மாறியபோதெல்லாம் இதுதான் வழக்கம்: தேர்தலன்றைக்கே போய் ரசீதைக் காட்டி, பெயரைச் சேர்த்து, கையோடு ஓட்டையும் போட்டுவிட்டு வருவது. அவள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான்.

செப்டம்பரில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட, அதே தெருவின் எதிர்ப்பக்கத்துக்குக் குடிபோனாள். தெரு நடுவில் ஓடும் மஞ்சள் கோடுதான் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே எல்லை. பால் வாங்கப் போகிறவன் ஒரு நாளைக்கு நாலு தடவை தாண்டுகிற கோடு. அதை யார் எல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அதே வாரம் லானி என்பவன் அவள் வந்துசேர்ந்த இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனான். இவள் சோபாவை இறக்கிய லாரியே அவன் கட்டிலை ஏற்றிக்கொண்டது.

இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில்தான் ஓட்டுச்சாவடி. மேசையில் ஒடெட் ப்ரூவிட் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வெர்லீனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள்.

"உன் பேர் இதுல இல்லையே, வெர்லீன்."

"இல்லைன்னா எழுதிக்கோ. கரண்ட் பில் கொண்டாந்திருக்கேன்."

"இந்தப் பக்கம் சட்டம் வேற, அது செல்லாதுடி. ஒரு மாசம் முன்னாடியே பதிஞ்சிருக்கணும்."

"அப்ப அங்கயே போய்ப் போடுறேன்."

"அங்க நீ குடியில்லையே."

வெர்லீனுக்குக் காது சூடேறியது. இங்கே பெயர் இல்லை, அங்கே வீடு இல்லை. நாட்டையே விட்டுப் போனவளைப் போல நிற்க வைத்துவிட்டார்கள்.

பெற்றோர் சங்கத்தார் வாசலில் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கே தெருவைத் தாண்டி வந்திருந்த லானி, சட்டையில் 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று ஓட்டுச்சாவடியில் ஒட்டிவிடும் வில்லையோடு கதவருகில் மென்றுகொண்டிருந்தான்.

"அங்க நானும் பில்லைத்தான் காட்டினேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது," என்றான். "நான் ஓட்டுப் போட்டே இருபது வருஷம் இருக்கும். போற வழியில கூட்டமா இருந்துச்சு, என்னன்னு எட்டிப் பார்த்தேன்."

"உன்மேல கோவமில்ல லானி. நீ கேக்கைத் தின்னு."

வரிசையில் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "சட்டம்னா சட்டம்தானேம்மா. முன்னாடியே விசாரிச்சிருக்கலாம்ல?"

வெர்லீன் திரும்பினாள். பேருந்தில் கடைசி இருக்கை வரை எட்டுகிற குரல் அது.

"வருமான வரிக்குக் கடைசித் தேதி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார். வாங்குறப்ப யாரும் கோடு பார்க்கல. என் பையனைப் பட்டாளத்துக்கு எடுத்தப்ப, நீ தெருவுல எந்தப் பக்கம்னு கேட்கல. ஜனாதிபதியும் ஒருத்தர்தான். அவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் தெருவுக்கு ரெண்டு சட்டமா? விசாரிச்சிருக்கணுமாம். என் சொந்த நாட்டுல எதிர்வீட்டுக்குப் போக நான் யாரை விசாரிக்கணும்?"

வெர்லீன் மறுபடி மேசைப் பக்கம் திரும்பினாள்.

"பேர் இல்லாதவங்களுக்குத் தற்காலிக ஓட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, ஒடெட். அதைக் குடு."

ஒடெட் குரலைத் தாழ்த்தினாள். "தரேன். ஆனா அதை எண்ண மாட்டாங்கடி. சும்மா எதுக்கு?"

"எண்ண வேண்டாம். தூக்கிப் போடுறவன் என் பேரைப் படிச்சிட்டுத் தூக்கிப் போடட்டும். நானே வீட்டுக்குப் போயிட்டா அவனுக்கு அந்த வேலைகூட மிச்சம்."

மறைப்புக்குள் போய் ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாக நிரப்பினாள், எண்ணப்படும் ஓட்டை நிரப்புவது போலவே. சீட்டை உறையில் போட்டு ஒட்டினாள். உறையின்மேல் கையெழுத்துக்கு மேலே 'நான் இங்கே பதிவு செய்துகொண்ட வாக்காளர்' என்று அச்சிட்டிருந்தது. பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை அவள். ஒடெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை அழுத்திக் கோடிட்டு அடித்தாள். அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள்:

'நான் தெருவைத் தாண்டினேன். நாட்டைத் தாண்டவில்லை.'