பதினைந்து வண்டிக் கூரை

கூரைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த பாசியைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஷீட்டுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு," என்றாள் டிங்கரின் மனைவி.

"மனுஷனா இருந்தா துள்ளுற வயசு. சிமென்ட் ஷீட்டுக்கு இது சாகுற வயசும்மா. விரலால அழுத்துனா பொடியுது. அதுவும் பின்னாடி ரூம் மேல இருக்கிற நாலு ஷீட்டும் சும்மா பேருக்குத்தான் நிக்குது."

பின்னாடி ரூமில்தான் டிங்கரின் மாமனார் படுத்திருந்தார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். நாலு கால் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போக அவருக்கு ஆறு நிமிடம் ஆகும். அந்த அறையை ஒட்டித்தான் கழிப்பறை இருந்தது. கட்டிலை வேறு எங்கே நகர்த்தினாலும் ஆறு நிமிடம் பதினைந்தாகிவிடும். அதனால் கட்டில் அங்கேயே கிடந்தது, செத்துக்கொண்டிருக்கும் அந்த நாலு ஷீட்டுக்கு நேர் கீழே.

கூரைக்காரர் பையிலிருந்து இரண்டு தகரத் துண்டுகளை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. மெல்லியதில் மொத்த வீட்டையும் மூட அறுபதாயிரம் ஆகும். தடித்ததென்றால் தொண்ணூறு. மரம், ஆணி, கூலி எல்லாம் அதற்குள் அடங்கும்.

"மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் குடுத்தா இந்த ரேட். ஆலங்கட்டி விழறதுக்கு முன்னாடி என் ரேட்ட நான் சொல்லுவேன். விழுந்ததுக்கப்புறம் என் ரேட் எனக்கே தெரியாது," என்றார்.

டிங்கர் இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்தார். அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. முப்பது வருடமாக நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிறவரை ஊரே டிங்கர் என்றுதான் கூப்பிட்டது. மாமனாரே வாய்தவறி இரண்டொரு முறை கூப்பிட்டிருக்கிறார். டிங்கர் மெல்லிய துண்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு கட்டை விரலால் நடுவில் ஓர் அமுக்கு அமுக்கினார். அது பள்ளமாகி அப்படியே நின்றது.

"இது தகரமா? பால் டின். ரெண்டு கல்லு விழுந்தா அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிடும்," என்றார்.

கூரைக்காரர் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கியிருந்தது.

கையிருப்பு சரியாக அறுபது. டிங்கரின் மனைவி மருந்துக்கடையில் கல்லாவில் இருந்துகொண்டு, மாதாமாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அவள் மெல்லிய தகரத்துக்குச் சரி என்று அன்றைக்கே சொல்லியிருப்பாள். டிங்கருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஊரில் எவன் காரில் பள்ளம் விழுந்தாலும் அவரிடம்தான் கொண்டு வருகிறான். அப்படிப்பட்டவர் வீட்டுக் கூரையே பள்ளம் பள்ளமாக இருந்தால் தெருவில் தலைகாட்ட முடியுமா என்று அவருக்கு இருந்தது.

"நெளிஞ்சா என்னங்க? தண்ணி உள்ள வராதில்ல?" என்றாள் அவள், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"உனக்குத் தகரத்தப் பத்தி என்ன தெரியும்."

"எனக்குத் தகரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்கப்பா அது கீழ படுத்திருக்காருன்னு தெரியும்."

அதற்கு டிங்கரிடம் ஒரு கணக்கு இருந்தது. ஆலங்கட்டி விழுந்த காரின் பள்ளங்களைப் பெயின்ட் உரியாமல் எடுக்க வேண்டும். உள்பக்கமாக வளைந்த கம்பியை விட்டு, விளக்கு வெளிச்சத்தில் நிழல் பார்த்து, ஒவ்வொரு பள்ளமாக நெம்ப வேண்டும். ஊரில் அந்த வேலை தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். ஒரு வண்டிக்குச் செலவெல்லாம் போக இரண்டாயிரம் நிற்கும். தடித்த தகரத்துக்குக் குறைவது முப்பது. பதினைந்து வண்டி. ஒரே ஒரு ஆலங்கட்டி மழை, அதில் பதினைந்தே பதினைந்து வண்டி.

"மழை பெஞ்சாத்தான் உங்களுக்குக் காசு. மழை பெஞ்சா எனக்குக் கூரை இல்ல. இது என்ன பட்ஜெட்டுங்க?" என்றாள் மனைவி.

"சின்னக் கல்லா விழும். ஷீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. வண்டிக்கு மட்டும் ஆகும்."

"கல்லுகிட்டப் பேசி வச்சிருக்கீங்களா?"

பின்னாடி ரூமிலிருந்து மாமனார் இருமினார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதைச் சொல்லும் இருமல் அது.

அந்த ஊரில் வருடத்துக்கு ஆறு வாரம் ஆலங்கட்டிக் காலம். அந்த ஆறு வாரமும் மற்றவர்கள் வானத்தைப் பயந்து பயந்து பார்ப்பார்கள். டிங்கருக்குப் பயமும் இருந்தது, நாக்கும் ஊறியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் மனிதரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறையில் ஒரு கதவை நிமிர்த்த ஆரம்பிப்பார், பாதியில் சுத்தியலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். மேற்கே கறுத்திருந்தால் வீட்டுக்குப் போன் போட்டு, "என்ன பண்றீங்க மாமா?" என்று கேட்பார். கறுப்பு கலைந்து போனால் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் காறித் துப்புவார். டீக்குச் சொல்லிவிட்டு டீ வருவதற்குள் எழுந்து போய்விடுவார். கைக்கு எந்தத் தகரம் எட்டினாலும் முட்டியால் ஒரு தட்டு தட்டாமல் அவரால் கடக்க முடியவில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்துக் கூரையை எம்பித் தட்டியதை இரண்டு பேர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

மாசக் கடைசி வந்தது. மனைவி பணத்தை எண்ணி உறையில் போட்டு மேசை மேல் வைத்தாள். "இன்னும் ஒரே ஒரு வாரம்," என்றார் டிங்கர். அவள் உறையை எடுத்து மறுபடி அலமாரிக்குள் வைத்தாள். அலமாரிக் கதவு வழக்கத்தைவிடச் சத்தமாக மூடியது.

எதிர்வீட்டு டீச்சர் மட்டும் அந்த வாரமே கூரையை மாற்றிவிட்டார். அதே கூரைக்காரர், அதே மெல்லிய தகரம். தனியாக இருக்கும் மனுஷி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். கையில் இருந்ததைக் கொடுத்தார், மூன்றே நாளில் வேலை முடிந்தது. டிங்கர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "டீச்சர் வீட்டுக்குப் பால் டின்ன மாட்டிட்டாங்க," என்றார்.

"மாட்டிட்டாங்க இல்ல," என்றார் மாமனார், கட்டிலில் இருந்தபடியே. "நம்ம வீட்டுக்கு இன்னும் டின்னு கூட வரல மாப்ளே."

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது.

முதலில் இரண்டு கல். பட்டறை வாசலில் விழுந்து துள்ளி, டிங்கரின் காலடிக்கு வந்து நின்றன. எலுமிச்சம்பழம் அளவு. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. பட்டறைக்கு எதிரே கடைத்தெருவின் வண்டி நிறுத்தும் இடம். அன்றைக்குச் சந்தை நாள் வேறு. வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கல் ஒவ்வொன்றும் ஒரு பானெட்டில், ஒரு டாப்பில், ஒரு டிக்கியில் விழுந்த சத்தம் டிங்கருக்குத் தனித்தனியாகக் கேட்டது. அவருடைய உதடு தானாக அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முதல் வரிசை முடிந்ததும் பன்னிரண்டு. இரண்டாம் வரிசையில் ஒரு வெள்ளை வண்டி. அதற்கு அலுமினிய பானெட், இரண்டு மடங்கு வாங்கலாம். பதினைந்தைத் தாண்டியபோது நெஞ்சு குளிர்ந்தது. தடித்த தகரம் வந்துவிட்டது என்று நினைத்தார். அப்போதும் நிறுத்தவில்லை. கடைசி வரிசை வரைக்கும் எண்ணினார். நாற்பத்தொன்று. இந்தச் சந்தோஷம் அவருக்குப் பல வருடமாக வந்ததில்லை.

அப்போது பக்கத்துக் கிடங்கின் சிமென்ட் ஷீட் மடாரென்று உடைந்து உள்ளே விழுந்தது.

அந்தச் சத்தத்தில்தான் டிங்கருக்கு வீடு ஞாபகம் வந்தது. மாமனார் ஞாபகம் வந்தார். சுவரில் சாய்த்திருந்த பழைய பானெட் ஒன்றைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். நடந்தால் பத்து நிமிடம். பானெட் மேல் கல் விழுந்த இரைச்சலில் தன் மூச்சே அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். முழங்கை கிழிந்ததைப் பிறகுதான் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மழை ஓய்ந்திருந்தது. பின்னாடி ரூமில் வானம் தெரிந்தது. கட்டில் மேல் சிமென்ட் ஷீட் துண்டுகளும் வெள்ளைக் கற்களும் குவிந்து கிடந்தன. தலையணையின் நடுவில் ஒரு முழு ஷீட்டின் மூலை குத்திக்கொண்டு நின்றது. மாமனாரைக் காணவில்லை. ஸ்டாண்ட் மட்டும் சாய்ந்து கிடந்தது.

"மாமா," என்று கூப்பிட்டார். அவர் குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"இங்க மாப்ளே," என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது.

நடந்தது இதுதான். பரீட்சைத் தாள் திருத்த அன்றைக்கு வீட்டிலேயே இருந்த டீச்சர், முதல் கல் சத்தம் கேட்டதும் பெரிய அலுமினிய அண்டா ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்திருக்கிறார். மாமனாரைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசை வரை நடத்தி, மேசைக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார். அவர்கள் முழுதாக வெளியே வருவதற்குள்ளேயே பின்னாடி ரூம் கூரை இறங்கிவிட்டது. அந்த அறையின் வாசல்படியில் ஸ்டாண்ட் மாட்டிக்கொண்டபோது பறந்து வந்த துண்டு ஒன்று மாமனாரின் மணிக்கட்டில் பட்டது. எலும்பு விரிசல் விட்டிருந்தது. மழை நின்றதும் டீச்சரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள்.

டிங்கர் அங்கே போனார். டீச்சர் வீட்டு நடு அறையில் மாமனார் உலர்ந்த போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். இடது கையை மடியில் யாரோ ஒருவருடைய பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார். டிங்கர் அண்ணாந்து பார்த்தார். கூரை முழுக்கப் பள்ளம். கீழிருந்து பார்க்கையில் மொட்டு மொட்டாகப் புடைத்திருந்தது. அவர் கைக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் நிமிர்த்த ஒரு மாதம் ஆகும். தரையைப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. டீச்சரின் மேசையில் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்கள் காய்ந்தபடி, அடுக்கு கலையாமல் இருந்தன.

அவருக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது.

மனைவி மருந்துக்கடையிலிருந்து கட்டுத்துணியும் மாத்திரையுமாக ஓடி வந்தாள். வழியிலேயே கூரைக்காரருக்குப் போன் போட்டுவிட்டாள். இதுவரைக்கும் இருபத்தேழு பேர் கூப்பிட்டுவிட்டார்களாம். இரண்டு மாதம் ஆகுமாம். ரேட்டைப் பற்றித் தகரம் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றாராம். அதை யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள். பிறகு அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டின் கீழே ஓர் அட்டையை வைத்தாள். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அசையாமல் இருக்க ஒரு கட்டு.

"எத்தன வண்டி மாப்ளே?" என்றார் மாமனார். வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் கிண்டலை விடவில்லை.

"என்ன மாமா?"

"இன்னைக்குச் சந்த நாளாச்சே. நம்ம கூரைக்குப் பதினஞ்சு வேணும்னீங்களே. தேறுச்சா?"

"நான் எண்ணல மாமா."

மாமனார் தலையாட்டினார். அவர் அதை நம்பியிருப்பார். நம்பியதுதான் டிங்கருக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு போயிருக்கும்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

மனைவியின் கை நின்றது. அவள் நிமிர்ந்து, அவருடைய நனைந்த சட்டையையும், கிழிந்த முழங்கையையும், டீச்சர் வீட்டு வாசலில் கிடந்த பானெட்டையும் பார்த்தாள். அவர் எப்படி ஓடி வந்திருப்பார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"எப்ப எண்ணுனீங்க? இங்க ஓடி வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி," என்றார் டிங்கர்.

"முழுசாவா?"

"முழுசா."

அவள் கட்டுத்துணியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் சுற்ற ஆரம்பித்தாள்.